எத்தனை ஃபேன், எத்தனை மணி நேரம்? இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும்: ஓர் எளிய விளக்கம்

இன்வெர்ட்டர் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை ஃபேன், எத்தனை லைட் ஓடணும்?” என்பதுதான். நல்ல கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. “எத்தனை மணி நேரம் ஓடணும்?” என்ற மறுபாதியை வாங்க வந்தவர் தாமாகச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வாங்கி மாட்டிய சில மாதங்களில் “நாலு மணி நேரம் வரும்னாங்க, ரெண்டு மணி நேரத்துல கத்துது” என்ற புலம்பல் எழுவதற்கு, தரமற்ற பொருளைவிட இந்த விடுபட்ட கேள்வியே பல வீடுகளில் காரணமாக இருக்கிறது.

முதல் கேள்விக்கான விடை வாட் கணக்கில் வரும். இரண்டாவதற்கான விடை வாட்-மணி கணக்கில் வரும். ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறோம் என்பதை வாட் சொல்கிறது. மொத்தமாக எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதை வாட்-மணி சொல்கிறது. மாடித் தொட்டியையும் அதிலிருந்து இறங்கும் குழாயையும் நினைத்துக்கொண்டால் போதும்: குழாய் எவ்வளவு பருமன் என்பது ஒன்று, தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பது வேறொன்று. 1,000 வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட். மின்கட்டண அட்டையில் நாம் பார்ப்பது இந்த யூனிட்டைத்தான். இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண் குழாயின் பருமனையும், பக்கத்தில் நிற்கும் பேட்டரியின் எண் தொட்டியின் கொள்ளளவையும் குறிக்கின்றன. பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் அதிக நேரம் ஓடும் என்று நினைப்பது, குழாயைப் பெரிதாக்கினால் தொட்டியில் தண்ணீர் கூடும் என்று நினைப்பதற்குச் சமம்.

நம் வீடுகளில் வழக்கமாகக் காணப்படும் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அது 12 வோல்ட் பேட்டரி. 150-ஐ 12-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். காகிதத்தில் இவ்வளவு இருந்தாலும் கைக்கு இவ்வளவும் வராது. அந்த 150 என்ற எண்ணே, 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் நிதானமாக இழுத்தால் கிடைக்கும் அளவு. ஈய-அமில பேட்டரியை அதைவிட வேகமாக இழுக்க இழுக்க, அது தரும் மொத்த அளவு குறையும். அத்துடன் பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றும் வேலையில் இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இவையெல்லாம் போக, புதிய பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 1,200 வாட்-மணி கிடைக்கும் என்று கணக்குப் போடுவது ஏமாற்றம் தராது.

இப்போது செலவுப் பக்கம். பழைய மாடல் சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும்; மூன்று ஃபேனுக்கு 225 வாட். 9 வாட் எல்இடி பல்பு நான்கு, டிவி ஒன்று, வைஃபை ரூட்டர் ஒன்று எல்லாம் சேர்த்தால் மொத்தம் 330 வாட்டைத் தாண்டும். 1,200-ஐ 330-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே வீட்டில் மூன்று ஃபேனையும் 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றிவிட்டால் மொத்தச் சுமை 200 வாட்டுக்குள் அடங்கிவிடும்; நேரம் ஆறு மணியைத் தொடும். பேட்டரியை இரட்டிப்பாக்க வேண்டும் என்று கடைக்குப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஃபேன் மாற்றும் செலவு இன்னொரு பேட்டரியின் செலவுக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும். மின்சாரம் இருக்கும் நாட்களிலும் அது பில்லைக் குறைக்கும்.

பேட்டரிக்கு இன்னொரு வரம்பும் உண்டு. அது தானாக எதையும் உற்பத்தி செய்வதில்லை. கரண்ட் இருக்கும்போது நிரப்பிக்கொண்டதை இல்லாதபோது திருப்பித் தருகிறது, அவ்வளவே. 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு இது மறந்திருக்காது. ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் வெட்டு என்று மாறி மாறி வந்தபோது, இன்வெர்ட்டர் வைத்திருந்த வீடுகளும் மாலைக்குள் இருட்டாயின. கணக்கு எளிது. மேலே சொன்ன 330 வாட் சுமைக்குப் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 33 ஆம்பியர் வெளியேறும். சாதாரண இன்வெர்ட்டர் திருப்பி ஏற்றுவதோ 15 ஆம்பியர் அளவில்தான். ஒரு மணி நேரத்தில் எடுத்ததில் பாதிகூட அடுத்த ஒரு மணி நேரத்தில் திரும்பி உள்ளே போகாது. காலியான பேட்டரி முழுதாக நிரம்பச் சுமார் 10 முதல் 12 மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் வேண்டும். அப்படிக் கிடைக்காத நிலையில் இன்வெர்ட்டர் வெறும் பெட்டிதான். அங்கேதான் எரிபொருளிலிருந்து மின்சாரத்தைப் புதிதாக உண்டாக்கும் ஜெனரேட்டருக்கு இடம் வருகிறது.

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தத்துவம்தான் இன்றைய சிறு ஜெனரேட்டருக்கும் அடிப்படை: கம்பிச் சுருளுக்கு அருகே காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் கம்பியில் மின்சாரம் தோன்றும். ஜெனரேட்டரில் ஸ்கூட்டர் எஞ்சினைப் போன்ற சிறிய பெட்ரோல் எஞ்சின் ஒன்று அந்தக் காந்தத்தைச் சுழற்றுகிறது. நம் நாட்டு மின்சாரம் முன்னும் பின்னுமாகத் திசை மாறி, வினாடிக்கு 50 முழுச் சுழற்சி சுழல்வது. இரு துருவக் காந்தம் கொண்ட சிறு ஜெனரேட்டரில் அதைப் பெற எஞ்சின் வினாடிக்கு 50 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்று, கூடாமல் குறையாமல் ஓட வேண்டும். ஒரு லைட் மட்டும் எரிந்தாலும் வீடு முழுக்க எரிந்தாலும் அதே 3,000 சுற்றுதான். கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருந்தால், கிரைண்டர் போட்ட மாத்திரத்தில் அதன் சத்தம் ஒரு நொடி அமுங்கி, முக்கி, மறுபடி எழுவதைக் கேட்டிருப்பீர்கள். சுமை ஏறியதும் வேகம் தடுமாற, கவர்னர் என்ற பாகம் கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிட்டு வேகத்தைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டுவருகிற சத்தம் அது. அந்த ஒரு நொடியில் வோல்ட்டேஜும் தடுமாறும். அதனால்தான் கணினி முதலான நுட்பமான சாதனங்களை இவ்வகை ஜெனரேட்டரில் நேரடியாக மாட்டத் தயங்க வேண்டியிருக்கிறது.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று விற்கப்படுவது இதற்கு ஒரு மாற்று. அதில் எஞ்சின் தரும் மின்சாரம் முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு, பின்பு மின்னணுச் சுற்றின் மூலம் சீரான 50 சுழற்சி மின்சாரமாக மீண்டும் உருவாக்கப்படுகிறது. எஞ்சினின் வேகத்துக்கும் வெளியே வரும் சுழற்சிக்கும் இருந்த பிணைப்பு அறுந்துவிடுவதால், சுமை குறையும்போது எஞ்சின் மெதுவாக ஓடலாம். சத்தமும் குறையும், பெட்ரோலும் மிச்சமாகும். விலை மட்டும் குறையாது.

ஜெனரேட்டரின் அளவைக் கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர்) கணக்கில் சொல்வார்கள்; அது கிலோவாட்டுக்குச் சமமல்ல. மோட்டார் உள்ள சாதனங்கள் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி வேலையாக மாறுவதில்லை. போவதும் வருவதுமாக இருக்கும். நெல்லோடு பதரும் சேர்ந்து மூட்டையில் ஏறினால், வண்டி இரண்டையும்தான் சுமந்தாக வேண்டும். கேவிஏ மூட்டையின் மொத்த எடை, கிலோவாட் அதிலுள்ள நெல். கேவிஏ எண்ணை 0.8-ஆல் பெருக்கி வாட் கணக்குக்கு வருவது நடைமுறை வழக்கம். அதைவிட, வாட்டில் தொடர்ந்து எவ்வளவு தரும் என்று விற்பவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது சில நொடிகள் மட்டுமே தாங்கும் உச்ச அளவாக இருப்பதும் உண்டு.

அந்தச் சில நொடிகள்தான் புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரை எழுப்பி ஓடவைக்க, ஓடும்போது தேவைப்படுவதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கண நேரத்துக்குத் தேவைப்படும். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட்தானே என்று நினைத்தால், கம்ப்ரஸர் உதைத்துக் கிளம்பும் அந்த நொடியில் அது கேட்பது வேறு. தண்ணீர் மோட்டார் இன்னும் மோசம். ஒரு எச்பி என்பது 746 வாட். ஆனால் அது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் அளவு. அதற்காக மோட்டார் வயரிலிருந்து இழுப்பது ஒரு கிலோவாட் அளவுக்குப் போகும், கிளம்பும்போது அதன் பல மடங்கு. இதனால் காகிதக் கணக்கில் போதுமாகத் தெரியும் 2 கேவிஏ ஜெனரேட்டர், ஒரு எச்பி போர் மோட்டாரின் முன் திணறி நின்றுவிடுவது சாதாரணம். மோட்டாருக்காகவே ஜெனரேட்டர் வாங்குவதானால், அதன் ஓடும் வாட்டைப்போல மூன்று மடங்காவது இருக்கும்படி பார்த்து, மற்றவற்றை அணைத்துவிட்டு மோட்டாரை முதலில் கிளப்ப வேண்டும்.

அடுத்து செலவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட்டுக்குச் சமமான வெப்ப ஆற்றல் அடங்கியிருக்கிறது. சிறிய எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கினாலே பெரிது. மீதி சூடாகவும் புகையாகவும் சத்தமாகவும் போய்விடும். ஆக ஒரு லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு யூனிட் 50 ரூபாயைத் தாண்டுகிறது. முதல் 100 யூனிட்டை இலவசமாகப் பெற்றுப் பழகிய தமிழ்நாட்டு வீட்டுக்கு இந்த எண் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். இதுவும் ஜெனரேட்டருக்கு நல்ல சுமை கொடுத்து ஓட்டினால் கிடைக்கும் கணக்கு. இரண்டு லைட்டுக்காக இரவெல்லாம் ஓடவிட்டால், எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்வதற்கே பெரும்பாலான பெட்ரோல் எரிந்துபோகும்.

எனவே நீண்ட மின்தடைக்கு ஏற்ற முறை, ஜெனரேட்டரையும் பேட்டரியையும் சேர்த்துப் பயன்படுத்துவது. காலையில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டி, முதலில் மாடித் தொட்டியை நிரப்பி, பிறகு ஃபிரிட்ஜைக் குளிரவைத்து, கூடவே இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் கைபேசிகளுக்கும் சார்ஜ் ஏற்றிவிட்டு நிறுத்திவிட வேண்டும்; மாலையில் இன்னொரு முறை அதேபோல. இரவில் பேட்டரியிலிருந்து ஃபேன் மட்டும் ஓடும். அந்த நான்கு மணி நேரத்தில் பேட்டரி முழுதாக நிரம்பாவிட்டாலும் ஒன்றிரண்டு ஃபேனுக்குப் போதுமான அளவு ஏறியிருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தபோது, டெல்டாவின் உட்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்போது ஊர்கள் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தது ஃபேனுக்காக அல்ல, தண்ணீருக்காக. மேல்நிலைத் தொட்டியை நிரப்பும் வரை ஓட்டி, நிறுத்தி, வண்டியில் ஏற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மின்சாரத்தைச் சேமிப்பதைவிடத் தண்ணீரைச் சேமிப்பது எளிது என்பதால், நிரம்பிய தொட்டியையும் ஒரு வகைப் பேட்டரியாகவே கொள்ளலாம்.

ஜெனரேட்டரின் ஆபத்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இந்த வாயுவைப் பிடித்துக்கொள்வதால், காற்றில் ஆக்சிஜன் இருந்தும் உடலுக்கு அது போய்ச் சேராது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்குவதைச் சாதாரண அசதி என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த அறிகுறிகூடத் தெரியாது. 2020-இல் அமெரிக்காவின் லூசியானாவை லாரா புயல் தாக்கியபோது ஏற்பட்ட உயிரிழப்புகளில் கணிசமான பங்கு, புயல் ஓய்ந்த பிறகு ஜெனரேட்டர் புகையால் நேர்ந்தது. மழை பெய்கிறது, திருட்டுப் போய்விடும், சத்தம் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்று எந்தக் காரணம் சொன்னாலும் ஜெனரேட்டரைத் திண்ணையிலோ போர்டிகோவிலோ மாடிப்படிக்குக் கீழோ வைத்து ஓட்டக் கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பதும் தவறு. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எந்த வீட்டின் கதவையும் ஜன்னலையும் பார்க்காத திசையில் இருக்கும்படி வைக்க வேண்டும். மழைக்கு மேலே ஒரு தகடு போதும்; பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, சூடு தணியும் வரை காத்திருப்பதும் இதே கண்டிப்பில் சேரும்.

இன்னொரு ஆபத்து நமக்கில்லாமல், நாம் முகம் அறியாத ஒருவருக்கு. ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவரச் சிலர் இரண்டு முனையிலும் பிளக் டாப் வைத்த வயர் ஒன்றைத் தயாரித்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரிலுள்ள சாக்கெட்டிலும் செருகிவிடுகிறார்கள். வீடு முழுவதும் எரிகிறது, அவர்களுக்குத் திருப்தி. மெயின் சுவிட்ச் அணைக்கப்படாமல் இருந்தால் அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது, தெருக்கம்பிக்கும் ஏறும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருவது; அதே டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்வாசல் வழியாக 230 வோல்ட் நுழைந்தால், மறுபுறம் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயரும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் அந்த நொடியில் போய்விடலாம். அந்த வயரின் திறந்த பிளக் முனையைத் தெரியாமல் தொடும் குழந்தைக்கும் அதே கதிதான். ஈபி ஒரு பக்கம், ஜெனரேட்டர் மறு பக்கம், நடுவில் எதுவுமில்லா நிலை என்று அமைந்த சேஞ்ச் ஓவர் சுவிட்சை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக்கொண்டு பொருத்துவதே முறை. அந்தச் சுவிட்சின் கைப்பிடி ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இருக்க முடியாது; பாதுகாப்பு அந்த எளிய அமைப்பிலேயே இருக்கிறது. அந்த வசதி இல்லையென்றால், ஜெனரேட்டரிலிருந்து தனி எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துச் சாதனத்தை நேரடியாக மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பலர் தங்களுக்கு மின்தடையே இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன லைன்மேனைக் காப்பதற்காகவே, மின்வாரியக் கம்பியுடன் இணைந்த சாதாரண சோலார் அமைப்பு, கரண்ட் போனதும் தானும் அணைந்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தின் மானியத்தில் பொருத்தப்பட்ட பல வீடுகளுக்கும் இது பொருந்தும். நண்பகல் வெயிலில் பேனல் காய்ந்துகொண்டிருக்க, கீழே ஃபேன் நின்றுவிட்டதைப் பார்த்துத் திகைத்தவர் என் உறவினர் ஒருவர். மின்தடையிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லி வாங்க வேண்டும்.

லித்தியம் பேட்டரியைப் பெட்டிக்குள் அடைத்து, கையில் தூக்கிச் செல்லும்படி விற்கப்படும் பவர் ஸ்டேஷன்களுக்குப் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. வாடகை வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் பொருத்தமானவை. விலையை ஒப்பிடும்போது அதன் வாட்-மணியைப் பார்த்தால் போதும். பவர் பேங்குகளில் அச்சிடப்படும் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) எண்தான் மயக்கும். 20,000 எம்ஏஎச் என்பது உள்ளேயுள்ள 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வாட்-மணியில் அது 74 மட்டுமே. கைபேசியை மூன்று முறை நிரப்பலாம், ஃபேன் ஓட்ட முடியாது. இணையம் மட்டும் நிற்கக் கூடாது என்பவருக்கு ரூட்டருக்கென்றே வரும் சின்ன யுபிஎஸ் ஒன்று போதும். அதற்காக வீட்டு இன்வெர்ட்டர் வாங்குவது வீண்.

பராமரிப்பில் இரண்டே செய்திகள். ஈய-அமில பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கேன் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுவதால், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் அதை அடைத்துவைக்கக் கூடாது. பெட்ரோல் ஜெனரேட்டரின் எதிரி சும்மா நிற்பதுதான். மாதக்கணக்கில் கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் பிசினாக இறுகிவிடும். புயல் எச்சரிக்கை வந்த அன்று கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது. உபயோகித்து முடித்ததும் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் திருகை (காக்) மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காலியாகிவிடும். மாதம் ஒரு முறை கால் மணி நேரம் சுமையோடு ஓட்டிப் பார்ப்பதும் அவசியம்.

இன்வெர்ட்டருக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. விடுமுறை நாள் ஒன்றில் பேட்டரி முழுதாக இருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வழக்கமான லைட்டையும் ஃபேனையும் போட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் நான்கு மணி நேரம் வந்திருக்க வேண்டியது இரண்டே முக்கால் மணியில் முடிந்தது. பேட்டரியைச் சந்தேகித்து, கடைக்குப் போன் செய்து, எல்லாம் ஆன பிறகு ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்ததில், வயரிங் செய்தவர் ஃபிரிட்ஜ் சாக்கெட்டையும் இன்வெர்ட்டர் லைனிலேயே சேர்த்திருந்தது தெரிந்தது.